தைராய்டு புற்றுநோயின் நிலையை வயதோடு சேர்த்துக் கணக்கிடுவது எப்படி

தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து பயாப்சி அறிக்கை கைக்கு வந்ததும் நோயாளியும் உறவினர்களும் முதலில் கேட்பது 'எந்த ஸ்டேஜ்?' என்றுதான். மார்பகம், வயிறு, குடல், நுரையீரல் போன்ற உறுப்புகளில் வரும் புற்றுநோய்க்கு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நோயாளியின் வயதைக் கேட்க வேண்டியதில்லை. தைராய்டில் மட்டும், அதிலும் பெரும்பாலானவர்களுக்கு வருகிற பாப்பிலரி, ஃபாலிக்குலர் வகைகளில், வயது தெரியாமல் நிலையைச் சொல்லவே முடியாது. ஒரே அளவுள்ள கட்டியும் ஒரே அளவு பரவலும் இருக்க, ஒருவருக்கு முதல் நிலை என்றும் இன்னொருவருக்கு மூன்றாம் நிலை என்றும் எழுதப்படுவதைப் பார்த்து அறிக்கையில் பிழை இருப்பதாக எண்ணுபவர்கள் உண்டு. அவர்களைவிட அதிகக் கவலை தருபவர்கள், 'முதல் நிலைதானே' என்று நிம்மதி அடைந்து தொடர் பரிசோதனையைக் கைவிட்டுவிடும் இளவயதினர். அறிக்கையில் உள்ள குறியீடுகளையும் வயதையும் வைத்து நிலையைக் கண்டறியும் முறையையும், கண்டறிந்த நிலையை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், சரியான கேள்விகளை அவர் முன் வைக்கவும் இது துணை செய்யும்.

முதலில் வகையைப் பாருங்கள்

வயதைக் கணக்கில் எடுப்பதற்கு முன், அறிக்கையில் புற்றுநோயின் வகை என்னவென்று எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாப்பிலரி, ஃபாலிக்குலர், முன்பு ஹர்த்தில் செல் என்றும் இப்போது ஆன்கோசைட்டிக் என்றும் அழைக்கப்படும் வகை ஆகியவற்றுக்கு வயது பொருந்தும். இவற்றோடு சேர்த்து, செல்களின் முதிர்ச்சி குறைந்த வகைக்கும் இதே அட்டவணையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மெடுல்லரி வகைக்கு வயது பொருந்தாது. அது தைராய்டு ஹார்மோனைச் சுரக்கும் செல்களில் தோன்றுவதன்று. கால்சிடோனின் என்ற வேறொரு ஹார்மோனைச் சுரக்கும் சி செல்களில் தோன்றுவது. அதற்குத் தனி அட்டவணை இருக்கிறது. முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு மெடுல்லரி புற்றுநோய் பக்கக் கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தால், பிற உறுப்புகளில் பரவல் இல்லாதபோதும், அது குறைந்தது நான்காம் நிலை ஏ. அவருடைய இளமை அதைக் குறைக்காது. அனாபிளாஸ்டிக் வகையோ, எந்த வயதில் வந்தாலும், கட்டி எவ்வளவு சிறியதாக இருந்தாலும், நான்காம் நிலையாகவே கொள்ளப்படுகிறது. ஆகவே அறிக்கையில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று இருந்தால், கீழே வரும் வயதுக் கணக்கை உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

வயதைச் சரியாகக் குறியுங்கள்

அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழு வெளியிட்டு, இன்று நடைமுறையில் உள்ள எட்டாம் பதிப்பு அட்டவணையில் எல்லைக்கோடு 55 வயது. கேட்கப்படுவது, நோய் கண்டறியப்பட்ட நாளில் நிறைவடைந்திருந்த வயது. நம் ஊர்களில் வயது கேட்டால் 'ஐம்பத்தஞ்சு நடக்குது' என்று சொல்வது வழக்கம். அப்படிச் சொல்பவருக்கு நிறைவடைந்தது 54 தான். சேர்க்கைச் சீட்டு எழுதுபவர் அதைக் கேட்டு 55 என்று போட்டுவிட்டால், ஒருவர் கோட்டின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுகிறார். பல புற்றுநோய்களில் இந்த ஓராண்டுப் பிசகால் ஒன்றும் நேர்ந்துவிடாது. இங்கே அது நிலையையே மாற்றிவிடக்கூடும்.

கிராமங்களில் பிறந்து ஐம்பதைத் தாண்டியவர்களின் வயதைப் பொறுத்தவரை இன்னும் ஒரு சிக்கல் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் உத்தேசமாகப் போட்ட தேதி சான்றிதழில் இருக்கலாம். சிலருடைய ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு மட்டுமே இருக்கும். எல்லைக்கோட்டுக்கு ஓரிரு ஆண்டுகள் இப்பாலோ அப்பாலோ இருப்பவராகத் தோன்றினால், உண்மையான வயதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஆவணத்தில் உள்ளதையும் தெரிந்ததையும் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. மருத்துவமனைப் பதிவு ஆவணத்தின்படியே இருக்கும். ஆனாலும் ஆவண வயது உத்தேசமானது என்று தெரிந்திருந்தால், மருத்துவர் நிலையின் எண்ணுக்குக் கொடுக்கும் எடையைக் குறைத்து, மற்ற விவரங்களைக் கூடுதலாகக் கவனிப்பார்.

எந்த நாளின் வயது என்பதிலும் தெளிவு வேண்டும். ஊசிப் பரிசோதனையிலேயே பாப்பிலரி புற்றுநோய் என்று உறுதியாகச் சொல்லப்பட்டிருந்தால், அந்த நாளின் வயதே கணக்கு. அறுவை சிகிச்சைக்குள் பிறந்தநாள் வந்து 55 நிறைந்தாலும் அவர் 54 வயதில் கண்டறியப்பட்டவர்தான். ஊசிப் பரிசோதனையில் ஐயம் மட்டும் இருந்து, அறுத்தெடுத்த கட்டியைச் சோதித்த பிறகே புற்றுநோய் என்று தெரியவந்தால், அறுவை சிகிச்சை நாளின் வயதை எடுக்க வேண்டும். ஒருமுறை குறிக்கப்பட்ட நிலை அப்படியே நிற்கும். 50 வயதில் முதல் நிலை என்று பதிவானவருக்கு 55 பிறந்த அன்று நிலை கூடிவிடுவதில்லை. 58 வயதில் கழுத்தில் நோய் திரும்பினாலும், அது 'நோய் மீள்வு' என்று தனியாகப் பதிவாகுமே தவிர, பழைய நிலையைப் புதிய வயதைக் கொண்டு திருத்தி எழுதமாட்டார்கள்.

டி, என், எம் ஆகிய மூன்றையும் தனித்தனியே படியுங்கள்

அறிக்கையின் கடைசிப் பகுதியில் பெரும்பாலும் 'பி டி2 என்1பி' (pT2 N1b) என்பது போன்ற ஒரு வரி இருக்கும். முன்னால் உள்ள 'பி' என்ற எழுத்து, அறுத்தெடுத்த திசுவைச் சோதித்துச் சொன்னது என்பதைக் குறிக்கிறது. 'சி' என்று இருந்தால், கைப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் மதிப்பிட்டது என்று பொருள்.

டி என்பது கட்டியைப் பற்றியது. 1 செ.மீ. வரை டி1ஏ, அதற்கு மேல் 2 செ.மீ. வரை டி1பி, 2க்கு மேல் 4 வரை டி2. 4 செ.மீ.க்கு மேற்பட்டதாயினும் தைராய்டுக்குள்ளேயே அடங்கியிருந்தால் டி3ஏ. தைராய்டுக்கு முன்னால் பட்டை பட்டையாக அமைந்திருக்கும் கழுத்துத் தசைகளுக்குள் மட்டும், அறுவை சிகிச்சை நிபுணரின் கண்ணுக்குத் தெரியும் அளவில் ஊடுருவியிருந்தால், அளவு எதுவானாலும் டி3பி. தோலடித் திசு, குரல்வளை, மூச்சுக்குழாய், உணவுக்குழாய், குரல்வளைக்குச் செல்லும் நரம்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுக்குள் ஊடுருவியிருந்தால் டி4ஏ. முதுகெலும்புக்கு முன்னுள்ள சவ்வுக்குள் சென்றிருந்தாலோ, கழுத்தின் பெருந்தமனியையோ மார்புக்கூட்டின் பெரிய இரத்தக் குழாய்களையோ சூழ்ந்திருந்தாலோ டி4பி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அளவுக்குத் தைராய்டின் உறையைக் கடந்திருப்பது இப்போது டி எண்ணைக் கூட்டுவதில்லை. ஏழாம் பதிப்பில் அது டி3 ஆகக் கொள்ளப்பட்டது. அறிக்கையில் 'தைராய்டுக்கு வெளியே பரவல் உண்டு' என்று எழுதியிருந்தால், அது கண்ணுக்குத் தெரிந்ததா, நுண்ணோக்கியில் மட்டும் தெரிந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐம்பத்தைந்தைக் கடந்தவர்களுக்கு இந்த ஒரு விவரம் நிலையை மாற்றக்கூடியது.

என் என்பது நிணநீர்க் கணுக்களைப் பற்றியது. என்0 என்றால் பரவல் இல்லை. கழுத்தின் நடுப்பகுதியிலும் மார்பின் மேற்பகுதியிலும் உள்ள கணுக்களில் பரவல் இருந்தால் என்1ஏ. கழுத்தின் பக்கங்களிலோ தொண்டைக்குப் பின்னாலோ இருந்தால் என்1பி. எம் என்பது நுரையீரல், எலும்பு முதலிய தொலைவான உறுப்புகளில் பரவல் உண்டா என்பதைச் சொல்கிறது: இல்லையெனில் எம்0, உண்டெனில் எம்1. திசுவைச் சோதிக்கும் நோய்க்குறியியல் மருத்துவரின் மேசைக்கு நுரையீரல் வருவதில்லை என்பதால், அவருடைய அறிக்கையில் எம் பெரும்பாலும் இருக்காது. அறுவை சிகிச்சைக்குப் பின் ரேடியோ அயோடின் (கதிரியக்கமுள்ள அயோடின் மருந்து) கொடுத்து எடுக்கும் முழு உடல் ஸ்கேனில் நுரையீரலில் புள்ளிகள் தெரியவந்து எம்1 என்று உறுதியாவதும் உண்டு. கண்டறிந்த முதல் நான்கு மாதங்களில் இப்படி வெளிப்படுவது தொடக்க நிலையிலேயே சேர்க்கப்படும். சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்துத் தோன்றுவது சேர்க்கப்படாது. ஆகையால் பயாப்சி அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறுதி நிலையைத் தீர்மானிக்க வேண்டாம்.

இப்போது வயதைச் சேருங்கள்

55 நிறையாதவருக்குக் கணக்கு மிக எளிது. டி எதுவானாலும், என் எதுவானாலும், எம்0 என்றால் முதல் நிலை. எம்1 என்றால் இரண்டாம் நிலை. அவ்வளவுதான். மூன்றாம் நிலையும் நான்காம் நிலையும் அந்த வயதினருக்கு இல்லவே இல்லை.

55 நிறைந்தவருக்கு டி, என் இரண்டும் கணக்கில் வருகின்றன. கட்டி 4 செ.மீ.க்குள் தைராய்டிலேயே அடங்கி, கணுக்களில் பரவல் இல்லை என்றால் முதல் நிலை. அதே கட்டியோடு கணுக்களில் பரவல் இருந்தால் இரண்டாம் நிலை. டி3ஏ, டி3பி ஆகியவையும், கணுக்கள் எப்படியிருந்தாலும், இரண்டாம் நிலையே. டி4ஏ என்றால் மூன்றாம் நிலை. டி4பி என்றால் நான்காம் நிலை ஏ. எம்1 என்றால், மற்றவை எதுவானாலும், நான்காம் நிலை பி.

ஓர் எடுத்துக்காட்டில் இதைப் பார்க்கலாம். பாப்பிலரி கட்டி 2.5 செ.மீ.; பக்கக் கழுத்தில் ஒன்பது கணுக்களில் பரவல்; தொலைவான பரவல் இல்லை. குறியீடு டி2 என்1பி எம்0. நோயாளிக்கு 32 வயது என்றால் முதல் நிலை, 61 வயது என்றால் இரண்டாம் நிலை. இனி 1.8 செ.மீ. கட்டி ஒன்று குரல்வளை நரம்பைப் பற்றியிருக்கிறது, கணுக்களில் பரவல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இது டி4ஏ என்0 எம்0. 54 வயது 11 மாதத்தில் கண்டறிந்தால் முதல் நிலை. 55 நிறைந்த மறுநாள் கண்டறிந்தால் மூன்றாம் நிலை. நுரையீரலில் பரவல் உள்ள 28 வயதுக்காரர் இரண்டாம் நிலை. அதே பரவலோடு 58 வயதுக்காரர் நான்காம் நிலை பி.

இந்த விடைகள் விசித்திரமாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் இவை கட்டியின் அளவைச் சொல்லும் விடைகள் அல்ல, நோயின் சுமையைச் சொல்லும் விடைகளும் அல்ல. இந்த நோயாலேயே உயிரிழக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற ஒரே கேள்விக்கு மட்டும் நிலை விடை சொல்கிறது. அந்தக் கேள்வியில் வயதின் பங்கு மிகப் பெரியது என்பதாலேயே அது அட்டவணைக்குள் வந்தது.

எல்லைக்கோடு 45இலிருந்து 55 ஆனது ஏன்

அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழு 1983இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பிலேயே தைராய்டுக்கு வயது இடம்பெற்றுவிட்டது. கோடு 45இல் போடப்பட்டது. பல ஆண்டுகள் நீடித்த அந்தக் கோடு, 45க்கும் 55க்கும் இடைப்பட்ட பலரைத் தேவையின்றி உயர்ந்த நிலையில் வைக்கிறது என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டி வந்தனர். பல நாடுகளைச் சேர்ந்த 10 மருத்துவமனைகளின் 9,484 நோயாளிகளைக் கொண்டு செய்து 2016இல் வெளியான ஆய்வு இதற்கு வலுவான சான்றாக அமைந்தது. கோட்டை 55க்கு நகர்த்தியபோது அவர்களில் 12 சதவீதத்தினர் கீழ்நிலைக்கு வந்தனர். அப்படி வந்தபின்னும் முதல் நிலையினரில் பத்தாண்டுகளில் இந்நோயால் உயிரிழக்காதவர்கள் 99.5 சதவீதமாகவே இருந்தனர். நான்காம் நிலையிலோ அந்த விகிதம் 76.3இலிருந்து 67.6க்கு இறங்கியது. நோய் யாருக்கும் கடுமையாகிவிடவில்லை. நான்காம் நிலையில் உண்மையாகவே ஆபத்தில் உள்ளவர்கள் மட்டும் எஞ்சினார்கள் என்பதே இதன் பொருள். 2018 ஜனவரி 1 முதல் எட்டாம் பதிப்பு நடைமுறைக்கு வந்தது.

இதன் விளைவாக, 2018க்கு முன் சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் பழைய அறிக்கையை மறுபடி படித்துப் பார்ப்பது பயனுள்ளது. 2015இல் 48 வயதில் டி2 என்1பி எம்0 என்று கண்டறியப்பட்ட பெண்ணுக்கு அன்றைய அட்டவணைப்படி நான்காம் நிலை ஏ என்று எழுதியிருப்பார்கள். இன்றைய அட்டவணையில் அது முதல் நிலை. நான்காம் நிலை என்ற சொல்லைச் சுமந்துகொண்டு இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு இதை எடுத்துச் சொல்வது மருத்துவர்களின் கடமை என்றே நான் கருதுகிறேன்; அவர்கள் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அறுபது வயதில் 1.2 செ.மீ. கட்டி நுண்ணோக்கி அளவில் மட்டும் உறையைக் கடந்திருந்ததற்காக அன்று மூன்றாம் நிலையில் வைக்கப்பட்டவரும், கணுக்களில் பரவல் இல்லையென்றால், இன்று முதல் நிலையே. மருத்துவமனைப் பதிவேட்டில் பழைய நிலை அப்படியே இருக்கும். ஆகையால் நிலையைக் குறிப்பிடும்போதெல்லாம் எந்தப் பதிப்பின்படி என்பதையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

வயது கூடும்போது நோயில் மாறுவது என்ன

இளவயதினரின் பாப்பிலரி புற்றுநோய் கணுக்களுக்கு எளிதில் பரவுகிறது. ஆயினும் அந்தச் செல்கள் தைராய்டுக்குரிய இயல்பைப் பெரிதும் இழப்பதில்லை. அயோடினை இழுத்துக்கொள்ளும் திறன் அவற்றுக்கு இருப்பதால், ரேடியோ அயோடின் அவற்றைச் சென்று சேர்ந்து அழிக்கிறது. இளைஞர்களின் நுரையீரலில் மணல்போல் சிறுசிறு புள்ளிகளாகப் பரவியிருக்கும் நோய் பெரும்பாலும் இப்படி அயோடினை ஏற்பதாகவே இருக்கும். வயது ஏற ஏற அந்தத் திறன் குறைகிறது. உயர செல் வகை போன்ற தீவிர உட்பிரிவுகளும், முதிர்ச்சி குறைந்த வகைகளும், டெர்ட் என்ற மரபணுவின் தூண்டு பகுதியில் ஏற்படும் மாற்றங்களும் மூத்தவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன. கழுத்தின் பிற உறுப்புகளுக்குள் ஊடுருவுவதும் அவர்களிடமே மிகுதி.

குழந்தைகளிடம் இந்த முரண் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். வளர்ந்தவர்களைவிடச் சிறுவர்களிடம் கணுக்களிலும் நுரையீரலிலும் பரவல் அதிகம்; உயிரிழப்போ மிக மிகக் குறைவு. இந்த அட்டவணைப்படி அவர்கள் எல்லோரும் முதல் நிலையிலோ இரண்டாம் நிலையிலோ அடங்கிவிடுவதால், சிகிச்சையைத் திட்டமிட நிலை அவர்களுக்கு அநேகமாக உதவுவதே இல்லை. 18 வயது வரையுள்ளவர்களுக்கென அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் உள்ள குறைந்த, இடைப்பட்ட, உயர்ந்த ஆபத்து என்ற பகுப்பைத்தான் குழந்தைகளுக்குக் கேட்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக இளமை பாதகமாகும் இடமும் ஒன்று உண்டு. ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையில், 1 செ.மீ.க்கு உட்பட்ட, ஆபத்துக் குறைந்த பாப்பிலரி கட்டிகளை அறுக்காமல் கண்காணித்து வரும் முறை 1993இல் தொடங்கியது. அங்கு 1,235 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், கண்காணிப்புக் காலத்தில் நோய் வெளிப்படையாக வளர்ந்தவர்கள் 40 வயதுக்குட்பட்டோரில் 8.9 சதவீதம், 40 முதல் 59 வரையுள்ளோரில் 3.5 சதவீதம், 60 நிறைந்தோரில் 1.6 சதவீதம். நிலை அட்டவணையில் வயது ஏறினால் ஆபத்து ஏறுகிறது. கண்காணிப்பிலுள்ள நுண்கட்டி வளர்வதில் வயது ஏறினால் ஆபத்து இறங்குகிறது. 'வயது கூடினால் எல்லாமே மோசம்' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கோட்டின் அருகில் இருப்பவர்களுக்கு

உடலில் 55 என்று ஒரு கோடு இல்லை. வயது ஏற ஏற ஆபத்து மெல்ல மெல்லக் கூடும் சரிவுப் பாதையை, கணக்கிட வசதியாக ஒரே ஒரு படிக்கட்டாக வெட்டியதே இந்த அட்டவணை. ஆகவே 53க்கும் 57க்கும் இடைப்பட்டவர்கள் நிலையின் எண்ணை மட்டும் பார்த்து மகிழவோ அஞ்சவோ வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவர்கள் பாப்பிலரி வகைக்கு மேயோ கிளினிக் 1993இல் வெளியிட்ட மேசிஸ் மதிப்பெண்ணையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அதில் வயது படியாக இல்லாமல் தொடர்ச்சியாகவே வருகிறது. 39 வயது வரை 3.1 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 40 முதல் வயதை 0.08ஆல் பெருக்க வேண்டும். கட்டியின் அளவைச் செ.மீ.யில் எடுத்து 0.3ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். கட்டியை முழுமையாக அகற்ற முடியவில்லை என்றால் 1, அக்கம்பக்கத் திசுக்களில் ஊடுருவல் இருந்தால் 1, தொலைவான பரவல் இருந்தால் 3 கூட்ட வேண்டும். மொத்தம் 6க்குக் கீழ் இருந்தவர்களில் 20 ஆண்டுகளில் இந்நோயால் உயிரிழக்காதவர்கள் 99 சதவீதம்; 6 முதல் 6.99 வரை 89 சதவீதம்; 7 முதல் 7.99 வரை 56 சதவீதம். 8 அல்லது அதற்கு மேல் 24 சதவீதம்.

முன்பு பார்த்த 1.8 செ.மீ. கட்டியை, முழுமையாக அகற்றப்பட்டது என்று கொண்டு, இதில் வைத்துப் பாருங்கள். 54 வயதில் 4.32, அளவுக்கு 0.54, ஊடுருவலுக்கு 1 ஆக மொத்தம் 5.86. 55 வயதில் 5.94. நிலை அட்டவணையில் முதல் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் உள்ள தூரம், இங்கே 0.08 மட்டுமே, இருவரும் ஒரே பிரிவில் அடங்குகிறார்கள். மூன்றாம் நிலை என்று கேட்டு உறக்கம் இழந்திருக்கும் 55 வயதுக்காரருக்கு இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுவது, வெறும் ஆறுதல் சொல்வதைவிட நூறு மடங்கு பயன் தரும். 54 வயதுக்காரருக்கும் இதையே காட்ட வேண்டும்: அவருடைய முதல் நிலை, நரம்பைப் பற்றிய கட்டியைச் சாதாரணமானதாக ஆக்கிவிடவில்லை.

நோய் திரும்பி வருமா என்பது வேறு கேள்வி

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். நிலை உயிராபத்தைச் சொல்கிறது; நோய் கழுத்தில் திரும்பி வரும் வாய்ப்பை அது சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கு அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் குறைந்த, இடைப்பட்ட, உயர்ந்த ஆபத்துப் பகுப்பு இருக்கிறது. 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் (2025இல் அது திருத்தப்பட்டது) உள்ள அந்தப் பகுப்பில் வயது ஓர் அளவுகோலே அன்று. பரவிய கணுக்கள் எத்தனை, அவற்றில் பெரியது எவ்வளவு, கட்டி வெளியே ஊடுருவியதா, இரத்தக் குழாய்களுக்குள் நுழைந்ததா என்பவையே அங்கே கேட்கப்படுகின்றன.

நம் 32 வயது நோயாளிக்குத் திரும்புவோம். ஒன்பது கணுக்களில் பரவல். அவற்றில் பெரியது 2 செ.மீ. என்று கொள்வோம். நிலைப்படி முதல் நிலை. மீள்வு ஆபத்தின்படி இடைப்பட்ட பிரிவு. ஐந்துக்கு மேற்பட்ட கணுக்களில் பரவல் உள்ளவர்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தினருக்கு நோய் எஞ்சியோ திரும்பியோ காணப்படும் என்று அந்த வழிகாட்டுதல் மதிப்பிடுகிறது. ஏதேனும் ஒரு கணு 3 செ.மீ.க்கு மேல் இருந்திருந்தால் அது உயர்ந்த ஆபத்துப் பிரிவு. மதிப்பீடு 30 சதவீதம். ஒரே மனிதரைப் பற்றிய இந்த இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இந்த நோயால் அவர் இறக்கும் வாய்ப்பு மிகச் சிறியது. இன்னொரு முறை கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டிவரும் வாய்ப்பு அப்படிச் சிறியதன்று. முதல் உண்மையை மட்டும் கேட்டுவிட்டு வேலை, திருமணம், வெளிநாடு என்று போய், தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் சுரக்கும் புரதம்) இரத்தப் பரிசோதனையையும் கழுத்து அல்ட்ராசவுண்டையும் விட்டுவிடும் இளைஞர்களுக்கு இரண்டாவது உண்மையை அழுத்திச் சொல்லியாக வேண்டும். மேலும், மீள்வு ஆபத்து நிலையைப்போல் உறைந்து நிற்பதன்று. சிகிச்சைக்குப் பின் வரும் தைரோகுளோபுலின் அளவையும் அதற்கு எதிரான ஆன்டிபாடியையும் ஸ்கேனையும் பார்த்து ஒவ்வொரு வருகையிலும் அதைத் திருத்தி மதிப்பிடுகிறார்கள்.

மூத்தவர்கள் விஷயத்தில் வேறு விதமான தவறு நேர்கிறது. 70 வயதுப் பெரியவருக்கு மூன்றாம் நிலை என்றதும், 'இந்த வயதில் எதற்கு அவரைப் படுத்த வேண்டும்' என்று வீட்டார் சிகிச்சையிலிருந்து பின்வாங்குவதுண்டு. மூன்றாம் நிலை என்பது, தொலைவில் பரவாமல் கழுத்தின் உறுப்பு ஒன்றைத் தொட்டுவிட்ட நோய். தேர்ந்த கைகளில் அறுவை சிகிச்சை செய்தால் கட்டுக்குள் வரக்கூடியது. அட்டவணையில் வயது சேர்க்கப்பட்டது ஆபத்தை மதிப்பிடுவதற்காகவே; யாருக்கும் சிகிச்சையை மறுப்பதற்காக அன்று.

மருத்துவரைச் சந்திக்கும்போதும் காப்பீடு கோரும்போதும்

ஒரு தாளில் வகை, கண்டறிந்த நாள், அன்று நிறைந்த வயது, டி, என், எம், எந்தப் பதிப்பின்படி எந்த நிலை, மீள்வு ஆபத்துப் பிரிவு ஆகியவற்றை எழுதி, எம் எந்த ஸ்கேனின் அடிப்படையில் சொல்லப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிரப்ப முடியாமல் எஞ்சும் இடங்களே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள். இரண்டாவது கருத்துக்காக வேறு மருத்துவரைப் பார்க்கப் போனால், நிலையின் எண்ணை மட்டும் சொல்லாமல் இந்தத் தாளையும் மூல அறிக்கைகளையும் காட்டுங்கள். தேவைப்பட்டால் பயாப்சி கண்ணாடித் துண்டுகளையும் வாங்கிக்கொண்டு செல்லுங்கள்.

தீவிர நோய்க் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு பணத்திலும் தெரியும். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது வரையறையில் விலக்கப்பட்டிருப்பது, டி1 என்0 எம்0 அல்லது அதற்குக் கீழ்ப்பட்ட தைராய்டு புற்றுநோயே. அங்கே நிலையின் எண்ணும் வயதும் குறிப்பிடப்படவில்லை. 32 வயதில் டி2 என்1பி உள்ளவர் முதல் நிலை என்பதற்காக அந்த விலக்குக்குள் வந்துவிடமாட்டார். கோரிக்கைப் படிவத்தில் 'முதல் நிலை' என்று மட்டும் எழுதி அனுப்பினால் தேவையற்ற மறுப்புக்கு இடம் கொடுத்ததாகிவிடும். டி, என், எம் மூன்றையும் முழுமையாக எழுதி, நோய்க்குறியியல் அறிக்கையின் பிரதியையும் இணைத்து அனுப்புங்கள்.